கடல் பார்த்த சுவர்

பாம்பன்
12 செப்டம்பர் 1954

மாதாவே துணை

அன்புள்ள தம்பி கில்பர்ட்டுக்கு, அக்கா லீமாரோஸ் எழுதுவது. நானும் உன் மச்சானும் சவேரியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடுகிறோம். கொழும்பில் நீயும் ஜெபமாலையும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

தோட்டத்துப் பலகை வீடு ஒருவழியாக எழுந்து நின்றுவிட்டது. பெண்டாட்டியோடு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ எழுதிய நாளிலிருந்து உன் மச்சானுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பட்டணத்துப் பொண்ணு, நம்ம ஒத்த ரூம்புல எப்படித் தங்கும்?" என்று சொல்லிச் சொல்லியே, உடைத்த தோணிப் பலகையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டார். படகு கட்டுகிற நாகநாதன் ஓடாவிதான் வேலை செய்தார். அவருக்கு வீடு கட்டத் தெரியாது, படகுதான் தெரியும். அதனால் சுவரெல்லாம் கொஞ்சம் வளைந்துதான் நிற்கிறது. ஒழுகினால் அப்படியே கடலில் இறக்கி மீன் பிடிக்கப் போகலாம் என்கிறான் உன் மருமகன் சவேரி. பதினேழு வயதுக்கு அவனுக்கு வாய் மட்டும் முப்பது வயதுக்கு வளர்ந்திருக்கிறது.

இப்போது குறை விளக்குதான். நம் வீட்டிலிருந்து பலகை வீட்டுக்கு நாற்பது எட்டு எடுத்து வைக்கிற தூரம், எல்லாம் மணல். வழியெல்லாம் தென்னைமட்டை, நண்டு வளை. இருட்டில் காலை வைத்தால் ஜெபமாலை மறுநாளே கப்பலேறிவிடுவாள். ஆகவே வெளிச்சுவரில் மாட்டும்படியான விளக்கு வேண்டும். இரும்பு வேண்டாம், இந்த உப்புக் காற்றுக்கு ஆறு மாதம் தாங்காது. பலகைக்கு மீன் எண்ணெய் பூசியிருப்பதால் தீ பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். சுவர் சூடாகாத விளக்காகப் பார். கப்பல் சாமான் விற்கிற கடையில் பத்து வருஷமாக நிற்கிறவனுக்கு நான் சொல்லவா வேண்டும்?

உங்கள் சுகத்துக்கு உடனே எழுது. போன தடவைபோல் இரண்டு மாதம் இழுக்காதே.

உன் அக்கா
லீமாரோஸ்


கொழும்பு
3 அக்டோபர் 1954

பாசமுள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும், கில்பர்ட் வணக்கம். இங்கே இருவரும் சுகம். ஜெபமாலைக்கு மட்டும் சளி. இந்த ஊர் மழைக்கு யாருக்குத்தான் இல்லை?

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். படித்த கையோடு ஏணி போட்டு மேல்தட்டு விளக்குகளை எல்லாம் இறக்கிவிட்டேன். முதலாளி, "கடையை யாருக்கு விக்கப்போற?" என்றார்.

மூன்று விதம் இருக்கிறது. ஒன்று, கப்பல் நடைபாதையில் மாட்டுகிற பித்தளை விளக்கு. வெறும் கண்ணாடி. பக்கத்தில் மட்டும் மெத்தென்று வெளிச்சம் விழும். பின்னால் ஒரு பித்தளைத் தகடு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்கும். பலகைக்குச் சூடு போகாது. இரண்டாவது தகர விளக்கு, அதை விட்டுவிடு. மூன்றாவதுதான் ராஜா. வரிவரியாக வெட்டிய தடிக் கண்ணாடி, கையால் தூக்கினால் கை வலிக்கும். உள்ளே சின்னத் திரிதான் எரியும், ஆனால் அந்தக் கண்ணாடி அதை வாங்கி ஒரு மைலுக்கு வீசும். நேற்று கடை வாசலில் ஏற்றிப் பார்த்தேன். தெருக்கோடியில் நின்ற ரிக்ஷாக்காரன் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

எனக்கு ஒரு ஆசை அக்கா. வாசல் பக்கம் முதல் விளக்கை மாட்டு. கடலைப் பார்த்த சுவரில் இந்த ராஜாவை மாட்டு. நான் பாம்பனில் இறங்கும்போது எப்படியும் இருட்டிவிடும். சின்ன வயதில் வந்ததுபோலக் கரை வழியாகத்தான் நடந்து வருவேன். தூரத்திலேயே, அதோ நம் வீடு என்று ஜெபமாலைக்குக் கை நீட்டிக் காட்ட வேண்டும். மச்சான் மாட்டேன் என்று சொல்லமாட்டார். சொன்னாலும் நீ சொன்னால் கேட்பார்.

சவேரிக்கு ஒரு சட்டைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி
கில்பர்ட்


பாம்பன்
24 அக்டோபர் 1954

அன்புள்ள தம்பிக்கு, சுகம். சுகம் அறிய ஆவல். ஜெபமாலைக்குத் தூதுவளை இங்கே தோட்டத்தில் படர்ந்து கிடக்கிறது, வந்தால் சளி பறந்துவிடும் என்று சொல்.

உன் கடிதத்தை வழக்கம்போல் உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். கடல் பார்த்த சுவர் என்று வந்ததும் பீடியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "கொழும்புக்குப் போயி கரையவே மறந்துட்டானா ஒந்தம்பி? அங்கன வெளக்க வச்சா கடல்ல வாரவன் கதி என்ன ஆகுறது?" என்றார்.

நீ மறந்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் அவர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். கோயிலுக்குப் பின்னால் மேட்டில் சிலுவைக் கம்பத்து விளக்கு, கோயில் முற்றத்தில் கீழ் விளக்கு. இருட்டில் கரைக்கு வருகிறவன் இந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி படகைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் பாறைகளுக்கு நடுவில் இருக்கும் திறப்புக்கு நேராக வருவான். கொஞ்சம் விலகினாலும் பாறைதான். நம் பலகை வீடு முற்றத்துக்கு மேற்கே, ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கிறது. அதில் வெளிச்சம் தெரிந்தால், வருகிறவன் இதைக் கோயில் விளக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டானா?

ஆகவே வெறும் கண்ணாடி விளக்கே இரண்டு அனுப்பு. இரண்டும் வீட்டுப் பக்கச் சுவருக்கு. மேலே ஒரு மூடி இருந்தால் இன்னும் நல்லது, வெளிச்சம் மணலில் மட்டும் விழும். சவேரிக்குத்தான் ஏமாற்றம். "மாமா அந்த ராஜாவ அனுப்பட்டும், நான் மரத்துல கட்டிப் பாக்குறேன்" என்கிறான். அவனுக்கு அப்பாவிடம் ஒரு அதட்டல் கிடைத்தது.

உன் அக்கா
லீமாரோஸ்


கொழும்பு
5 டிசம்பர் 1954

அன்பான அக்காவுக்கு, எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

விளக்கு இரண்டும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் வருகிறது. கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும் நம் தெரு ஆள் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். திட்டாதே. ஒன்று வெறும் கண்ணாடி, ஒன்று ராஜா. மச்சான் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. தினமும் ஏற்ற வேண்டாம். நான் வருகிற அன்றைக்கு ஒரே ஒரு நாள், ரயில் நேரத்துக்கு ஏற்றி, நான் படியேறியதும் அணைத்துவிடுங்கள். பத்து வருஷம் அடுத்தவன் கப்பலுக்கெல்லாம் விளக்குக் கொடுத்தவன், என் வீட்டுக்கு ஒரு விளக்குப் போட்டுப் பார்க்கக் கூடாதா?

மண்ணெண்ணெயை வடிகட்டி ஊற்று. திரியை நேராக வெட்டு. சிமினியை உப்புத் தண்ணீரில் கழுவிவிடாதே.

எப்போது வருகிறாய் என்று கேட்பாய். சீக்கிரம். ஜெபமாலையிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி
கில்பர்ட்


பாம்பன்
9 ஜனவரி 1955

அன்புத் தம்பிக்கும் ஜெபமாலைக்கும், புது வருஷ ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் நலம். உன் மச்சானுக்குத் தோளில் மட்டும் வலி, அதுவும் பாய் இழுத்த வலிதான்.

பெட்டி வந்தது. பிரித்ததும் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. வாசல் விளக்கு அவ்வளவு அழகு. மணல் தெரிகிறது, நண்டு ஓடுவது தெரிகிறது, கண் கூசவில்லை. உனக்கு விளக்குத் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ராஜாவை உன் மச்சான் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய்க் கடல் பார்த்த சுவரில் மாட்டினார்! மாட்டிவிட்டு மேலே சாக்கைப் போர்த்திக் கயிற்றால் கட்டினார். "ஆசப்பட்டு அனுப்பியிருக்கான். அவன் வார அன்னைக்கி நான் படகெல்லாத்துக்கும் சொல்லிட்டு நானே ஏத்துறேன். அதுவரைக்கும் எவனும் கயித்த அவுக்கக் கூடாது. ஏலே சவேரி, ஒனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். அவர் மனது உனக்குத் தெரியும். மேலுக்குத்தான் சுள்ளென்று பேசுவார்.

வீட்டுக்குள் கட்டில் போட்டாகிவிட்டது. நாள் மட்டும்தான் நீ சொல்ல வேண்டும்.

உன் அக்கா
லீமாரோஸ்


கொழும்பு
8 பிப்ரவரி 1955

அக்கா, சுகமா? நான் சுகம். இந்தக் கடிதத்தை மச்சானுக்கு வாசிக்காதே.

பிப்ரவரி 21, திங்கட்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். மச்சானிடமோ சவேரியிடமோ மூச்சு விடாதே. திடுதிப்பென்று வாசலில் நின்று அவர் முழிப்பதைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் என் காதைத் திருகினதற்கெல்லாம் அதுதான் பழி.

அன்றைக்கு அமாவாசைக்கு முந்தின நாள், நல்ல இருட்டு. ரயில் நேரத்துக்குக் கயிற்றை அவிழ்த்து நீயே ஏற்றிவிடு. அரை மணி நேரம்தான். அதற்குள் படகெல்லாம் கரைக்கு வந்திருக்கும், பயப்படாதே.

இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

கில்பர்ட்


கொழும்பு
20 பிப்ரவரி 1955

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் எல்லோருக்கும் நலமே விளைக.

கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கு வர முடியவில்லை. முதலாளி அவசரமாகக் காலி பட்டணத்துக்குப் போகிறார், கடையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். இந்த நேரத்தில் விட்டுவிட்டு வந்தால் நன்றாக இருக்காது. அடுத்த மாதம் கட்டாயம்.

தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீஸ் வரை போனேன். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று நம் தெருவே கூடி ஒப்பாரி வைத்துவிடும், நீ பிரிப்பதற்குள் மயக்கம் போட்டுவிடுவாய் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். எப்படியும் மச்சானுக்குத் தெரியாது, ஏமாற்றம் உனக்கு மட்டும்தானே. நான் வராததைப் பார்த்து விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பாய்.

ராஜா நன்றாக எரிந்தானா? அதை மட்டும் எழுது.

தம்பி
கில்பர்ட்


பாம்பன்
2 ஏப்ரல் 1955

கில்பர்ட்டுக்கு,

வர முடியவில்லை என்று எழுதியதற்குப் பிறகு நீ போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன. விளக்கு எப்படி எரிந்தது என்று இரண்டிலும் கேட்டிருக்கிறாய். நன்றாக எரிந்தது. சவேரி இறந்துவிட்டான்.

எப்படிச் சொன்னாலும் இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அப்பனும் மகனும் விடியற்காலையில் போனார்கள், மத்தியானம் வந்துவிட வேண்டியவர்கள். காற்று விழுந்துவிட்டது, பாய் ஓடாது. காற்று விழுந்தால் குருசடைத் தீவில் படுத்துவிட்டு விடிந்துதான் வருவார்கள், எத்தனையோ தரம் அப்படி வந்திருக்கிறார்கள். மற்ற படகெல்லாம் கரையில் இருந்தது. நான் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்த்தேன். நான் இந்தக் கரையில் பிறந்தவள். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் ஏற்றினேன்.

நீ வரவில்லை. ரயில் தாமதமோ என்று அணைக்காமல் வைத்திருந்தேன். அதற்குள் காற்று எழும்பியிருக்கிறது, அவர்கள் புறப்பட்டிருக்கிறார்கள். உன் விளக்கைப் பார்த்துத் திரும்பிப் பாறையில் ஏறிவிட்டார்கள். உன் மச்சான் நீந்தி வந்தார். முன்னால் நின்ற பிள்ளை படகுக்கு அடியில் போய்விட்டான். மறுநாள் சாயங்காலம் கிடைத்தான். சாம்பல் புதன் அன்று அடக்கம். கோயிலில் எல்லார் நெற்றியிலும் சாம்பல் இருந்தது. சாமியார் எனக்கும் பூசினார்.

விளக்கை ஏன் ஏற்றினாய் என்று கேட்டார்கள். துடைத்து வைத்தேன், எரிகிறதா என்று பார்க்க ஏற்றி அணைக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன். நீ வருவதாக இருந்தது யாருக்கும் தெரியாது. இனியும் தெரிய வேண்டாம். தெரிந்தால் இந்தக் கரையில் உன்னை மனிதனாக மதிக்கமாட்டார்கள். கரைக்காரர்கள் வந்து விளக்கைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உன் கடிதம் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வந்தது. தந்தி என்றால் நாங்கள் பயந்துவிடுவோம் என்று எழுதியிருந்தாய். பயந்திருப்போம் தம்பி. தெருவே கூடியிருக்கும். பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்திருப்போம். சவேரி அதை வைத்தே உன்னை ஒரு வருஷம் கேலி செய்திருப்பான்.

உன் மச்சான் என்னிடம் பேசுவதில்லை. அன்றிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. பலகை வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார். சோற்றை வைத்தால் சாப்பிடுகிறார்.

நீ வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

லீமாரோஸ்


கொழும்பு
17 ஏப்ரல் 1955

மச்சான் வேதமுத்து அவர்களுக்கு, கில்பர்ட் உங்கள் காலில் விழுந்து எழுதுவது. நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இதை அக்காதான் உங்களுக்கு வாசிப்பாள் என்று தெரியும். அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரு வரி விடாமல் வாசி.

மச்சான், எரிகிறதா என்று பார்க்க அக்கா விளக்கை ஏற்றவில்லை. நான் ஏற்றச் சொன்னேன். திங்கட்கிழமை வருகிறேன், உங்களிடம் சொல்லாதே, ரயில் நேரத்துக்கு ஏற்று, படகெல்லாம் கரையில் இருக்கும் என்று எழுதினேன். வெறும் கண்ணாடி விளக்குப் போதும் என்று நீங்கள் சொல்லியனுப்பியும் அந்தத் தடிக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான். என் தங்கம் போன்ற மருமகனை நான்தான் கொன்றேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். முதலாளி கடையை விட்டுப் போனார் என்று எழுதியது பொய். ஜெபமாலை மணல்காட்டுக்கு வரமாட்டேன் என்றாள். நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டை ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நின்றது. ஏறவில்லை. அங்கே வந்தால் மறுபடி வலை இழுக்க வேண்டும், என்னால் ஆகாது என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ரயில் போனபிறகு எழுந்து வந்து அந்தப் பொய்யை எழுதினேன். நான் ஏறியிருந்தால் அவள் விளக்கை அரை மணியில் அணைத்திருப்பாள்.

அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள். அவளிடம் பேசுங்கள் மச்சான். என்னை என்ன செய்தாலும் தகும்.

கில்பர்ட்


பாம்பன்
6 மே 1955

தம்பி கில்பர்ட்டுக்கு, மாதா உன்னைக் காக்கட்டும்.

நீ எழுதிய நாலு பக்கமும் வந்தது. தபால்காரர் உன் மச்சான் கையிலேயே கொடுத்துவிட்டார். அவர் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேசாவிட்டாலும் கடிதம் வாசித்தால் கேட்பார் போலிருக்கிறது என்று எனக்கு ஒரு அற்ப ஆசை வந்தது. பிரித்தேன்.

நான் வாசித்தது இதுதான்: மச்சானுக்கு வணக்கம், நானும் ஜெபமாலையும் சுகம், சவேரி போன செய்தி கேட்டு நெஞ்சு வெடித்துப் போனேன், லீவு கிடைக்கவில்லை, எல்லோரும் தைரியமாக இருங்கள். அவ்வளவுதான். மடித்துத் தகரப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

என்மேல் கோபப்படாதே. உன் கடிதத்தை வாசித்திருந்தால் என் பாரம் பாதி இறங்கியிருக்கும். அவர் என்னிடம் பேசக்கூடச் செய்திருப்பார். ஆனால் அவருக்கு என்று இருப்பது இனி யார், சொல்? அம்மா அப்பா இல்லை, பிள்ளை இல்லை, நான் இருந்தும் இல்லை. நீ ஒருத்தன்தான் உறவு என்று மிச்சம். உன்னையும் வெறுத்துவிட்டால் அந்த மனிதர் எங்கே போவார்? அதனால்தான் மாற்றினேன். இந்த வீட்டில் ஒருத்தியை வெறுத்தால் போதும்.

அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. மற்றவர்கள் வலையை வாங்கி வந்து பலகை வீட்டில் உட்கார்ந்து கிழிசலை முடிகிறார். இனி அவருக்கு அந்த மாதிரி எழுதாதே.

அக்கா
லீமாரோஸ்


பாம்பன்
12 ஜூன் 1955

கொழும்பிலிருக்கும் திரு. கில்பர்ட் அவர்களுக்கு, முதுகுளத்தூர் கூத்தையா வணக்கம். நான் இங்கே கருவாடு வாங்க மாதம் ஒரு முறை வருகிறவன். தங்களை அறியேன். தங்கள் மச்சான் வேதமுத்து என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் வாசிக்கச் சொன்னார், பிறகு பதில் எழுதச் சொன்னார். கரைக்காரர் யாரும் வேண்டாம், வெளியூர்க்காரன்தான் வேண்டும் என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

ஏலே மாப்ள, நல்லா இருக்கியா? ஒங்கக்கா வாசிச்சது நாலு வரி. காயிதம் நாலு பக்கம். எனக்கு எழுத்துத் தெரியாது, காயிதம் எத்தனைன்னு எண்ணத் தெரியும். அவ கோயிலுக்குப் போன நேரம் பெட்டிக்கு அடியில இருந்து எடுத்து இவருகிட்டக் குடுத்தேன். எல்லாம் வெளங்கிருச்சு. ஒன்னக் காப்பாத்தத்தான் மறந்துட்டேன்னு சொல்லியிருக்கா. என்னைய நெனச்சுத்தான் மாத்தி வாசிச்சிருக்கா.

ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல. கோவப்பட எனக்கு யோக்கியத இல்ல. நீயும் அவளும் நாந்தான் நாந்தான்னு அடிச்சிக்கிறீக. அன்னைக்கிச் சுக்கான் யாரு கையில இருந்துச்சு? என் கையில.

சவேரி முன்னால நிக்கிறான். கரை தெரிஞ்சதும் சொன்னான், "அய்யா, இந்த வெளிச்சம் ரொம்ப வெள்ளையா இருக்கு. மாமா அனுப்புன வெளக்கு மாதிரித் தெரியிது. கெழக்க மங்கலா ஒண்ணு எரியிது பாருங்க, அதான் கோயில் வெளக்கு"ன்னான். நான் கேக்கல. நாந்தான் சாக்கப் போட்டுக் கட்டியிருக்கேன், எவன் அவுப்பான்னு நெனச்சேன். மங்கலா எரியிறது எவன் வீட்டு அரிக்கன் வெளக்கோன்னேன். மறுவாட்டியும் சொன்னான். "நாப்பது வருசமா வந்து போற வாசல், எனக்கு நீ காட்டித் தாரியாலே, வாயப் பொத்திக்கிட்டுப் பாயச் சுருட்டு"ன்னேன். வாயப் பொத்திக்கிட்டான். அதுக்கப்புறம் அவன் ஒண்ணும் பேசல. படகு பாறையில ஏறுற வரைக்கும் ஒண்ணும் பேசல.

அவளப் பாத்தா கோவத்துல பேசாம இருக்கேன்னு ஊரு நெனைக்குது. அவளும் அப்படித்தான் நெனைக்கிறா. வாயத் தொறந்தா இதுதான் வரும்னு பயந்துக்கிட்டுக் கெடக்கேன். எத்தனையோ வாட்டி சொல்லிறணும்னு போயி நின்னுருக்கேன். அவ மொகத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்துர்றேன். அவ வாயால வாசிச்சாத்தான் எனக்கு எதுவும் காதுல ஏறும், இருவது வருசப் பழக்கம்.

அதனால நீ எழுது. இதெல்லாத்தையும் நீ எழுதிப் போடு. அவ வாசிக்கட்டும். நான் எதுக்க உக்காந்திருக்கேன்.

இப்படிக்கு வேதமுத்து. கைநாட்டு.

எழுதியவன் கூத்தையா. எனக்கும் பிள்ளைகள் உண்டு. சீக்கிரம் எழுதுங்கள் ஐயா.


பாம்பன்
24 ஜூலை 1955

கில்பர்ட்,

கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. உன் மச்சான் இங்கே இல்லை. பன்னிரண்டு நாளாகிறது. தொண்டிப் பக்கம் ஏதோ படகில் கூலிக்கு ஏறியிருப்பதாகக் கூத்தையா சொன்னார். கடலே வேண்டாம் என்றிருந்தவர்.

உன் கடிதம் வந்ததும் முதல் வரியில் நீ கேட்டிருந்தபடியே அவரை எதிரே வைத்துக்கொண்டு வாசித்தேன். முன்கூட்டிப் படிக்கவில்லை. மறுபடி உன் குற்றத்தைத்தான் எழுதியிருப்பாய், இந்த முறை மாற்றாமல் வாசித்துவிடுவோம், ஆனது ஆகட்டும் என்று ஆரம்பித்தேன். "முன்னால் நின்ற சவேரி சொன்னான்" என்ற இடம் வந்தது. நான் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். மிச்சத்தை அவர் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே, நீ எழுதியிருந்த அதே வார்த்தைகளைக் கடைசிவரை சொன்னார்.

உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். சாமியாரிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. அப்பாடா, நான் மட்டும் இல்லை என்று நெஞ்சு லேசாயிற்று. ஒரு மூச்சு விடும் நேரம்தான். என் பிள்ளை இரண்டு தரம் சொல்லியும் கேட்கப்படாமல் வாயைப் பொத்திக்கொண்டு செத்தான் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பெற்றவளுக்கு நிம்மதி வந்தது. நான் அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள், நான்தானே ஏற்றினேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவு வார்த்தையும் நெஞ்சுக்குள் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டார். எழுத்துத்தான் அவருக்குத் தெரியாது, என் முகத்தை யாரும் அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டியதில்லை.

அவர் கோபப்படவில்லை. சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பி, "சாப்பிட்டியா?" என்றார்.

ஐந்து மாதம் கழித்து அவராக என்னிடம் கேட்ட முதல் வார்த்தை அது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை.

லீமாரோஸ்